சிவப்புச் சாவிக்கு மூன்று கையெழுத்து

மிச்சிகன் மாநிலத்தின் கிரேட்டன் மில்ஸ் நகரில் வாகனங்கள் மணிக்கு இருபத்தைந்து மைலுக்கு மேல் போகக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பதினைந்து. இந்த ஊர் போலீசுக்கு மணிக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது மைல் ஓடக்கூடிய கார் இன்றியமையாதது என்று நகரமன்றம் அக்டோபர் மாதம் ஒருமனதாகத் தீர்மானித்தது.

பக்கத்து ஊர்க்காரர்கள் அப்படி ஒன்று வாங்கிவிட்டார்கள் என்பது தீர்மானத்தில் இல்லை. குற்றவாளிகள் நவீனமாகிவிட்டார்கள் என்று இருந்தது. கிரேட்டன் மில்ஸில் கடைசியாக ஒரு குற்றவாளி வாகனத்தில் தப்பி ஓடியது ஏழு வருஷத்துக்கு முன்பு. குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்காரரின் புல்வெட்டும் வண்டியில் ஏறிப் போனான். காவலர் வெர்னா ஸ்டாஹோவியாக் கூடவே நடந்துபோய், பேச்சுக் கொடுத்து, சாவியைக் கழற்றி எடுத்துவந்தார்.

அந்த வெர்னாவிடம்தான் புதுக் காரை ஒப்படைத்தார்கள். இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் ஆனவர். மூட்டுவலி உண்டு. காரோ தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். உள்ளே போக முதலில் தலையைக் கொடுத்து, அப்புறம் இடுப்பைக் கொடுத்து, கடைசியில் கால்களைக் கையால் எடுத்து வைக்க வேண்டும். பானட்டின் மேல் ஒரு பெரிய மூக்குத் துவாரம். பின் டயர்கள் சோபா அகலம். இரண்டே கதவு. பின் சீட்டில் கைதியை உட்காரவைக்க வேண்டுமென்றால் கைதி மனமுவந்து ஒத்துழைக்க வேண்டும்.

காரோடு இரண்டு சாவி வந்தது. கறுப்புச் சாவி போட்டால் ஐந்நூறு குதிரைசக்தி. சிவப்புச் சாவி போட்டால் எழுநூற்றுப் பதினேழு. மிச்சமுள்ள இருநூற்றுப் பதினேழு குதிரைகளும் பொதுச்சொத்து என்பதால் அவற்றைத் தனிநபர் பொறுப்பில் விட முடியாது என்று மேயர் கிளிஃபர்ட் பூஹோல்ஸ் கருதினார். சிவப்புச் சாவி நகராட்சி இரும்புப் பெட்டிக்குள் போனது. வேண்டுவோர் உரிய படிவத்தில் விண்ணப்பித்து, மேயர், பொருளாளர், தோற்ற மேம்பாட்டுக் குழுத் தலைவர் ஆகிய மூவரின் கையெழுத்தும் வாங்கிப் பெற்றுக்கொள்ளலாம்.

நவம்பரில் முதல் பனி விழுந்தது. வெர்னா பனிக்கால டயர் கேட்டு எழுதினார். தோற்ற மேம்பாட்டுக் குழுவிலிருந்து பதில் வந்தது. மேற்படி டயர்கள் அகலம் குறைந்தவை; அவற்றைப் பொருத்தினால் மேற்படி வாகனத்தின் கம்பீரத்துக்குக் குந்தகம் ஏற்படும்; ஆகவே மனு பரிவுடன் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது. காரின் வெளித்தோற்றத்துக்குப் பொருந்தும்படி தொப்பியைச் சற்றுச் சாய்த்து அணியுமாறும் வெர்னாவுக்கு அறிவுறுத்தியிருந்தார்கள்.

டிசம்பர் பதினொன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு டோனட் கடை ஹார்வி ஸ்லூட் மார்பைப் பிடித்துக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் மாவட்டத்தின் மறுகோடியில் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரி பதினொரு மைல். கடை வாசலில் நின்றது வெர்னாவின் கார் மட்டும்தான். முழங்கால் அளவு பனி. ஹார்வியை முன்சீட்டில் படுக்கவைத்ததுபோல் உட்காரவைத்து, பெல்ட்டைப் போட்டு, வெர்னா பொத்தானை அமுக்கினார்.

சத்தத்துக்குக் குறைவில்லை. தெருவின் இருபக்கமும் ஜன்னல்கள் அதிர்ந்தன. பின் சக்கரங்கள் பிரமாதமாகச் சுழன்றன. கார் நின்ற இடத்திலேயே நின்று, கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து, குழி பறித்துக்கொண்டு அதில் அமர்ந்தது. அறுபது மைல் வேகத்தை மூன்றரை விநாடியில் எட்டுவதற்கு டயர்கள் இன்னும் சூடாகவில்லை என்று திரையில் எழுத்து வந்தது.

வெர்னா ரேடியோவில் நகராட்சியைக் கூப்பிட்டார். எழுத்தர் இமோஜின் ட்ராஸ்க் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு மேயரிடம் கொடுத்தார்.

"கார் நகரலை சார். உடனே பனி தள்ளுற வண்டியை அனுப்புங்க. ஹார்விக்கு மூச்சு வாங்குது."

"இப்ப எந்தச் சாவி போட்டிருக்கீங்க?"

"கறுப்பு."

"அதான் விஷயம். ஐந்நூறு குதிரை பத்தலை. சிவப்புச் சாவிக்கு எழுதிக் குடுங்க, நானே முன்ன நின்னு முடிச்சுத் தர்றேன்."

"சார், குதிரை ஜாஸ்தியாப் போனதுதான் பிரச்சினை."

"பத்தாததாலதானேம்மா வண்டி நகரலை? நீங்க பதற்றத்துல பேசறீங்க."

அவசரம் கருதி விண்ணப்பத்தை ரேடியோவில் வாய்மொழியாகவே ஏற்றார்கள். விண்ணப்பதாரர் வாயிலாக நோயாளியின் தாயாருடைய திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர் கேட்கப்பட்டது. ஹார்வி கண்ணை மூடியபடியே சொன்னார். பொருளாளர் பல் டாக்டரிடம் போயிருந்தார்; வாயில் பஞ்சோடு கையெழுத்துப் போட்டார். நாற்பது நிமிஷத்தில் மூன்று கையெழுத்தும் முடிந்தது. கிரேட்டன் மில்ஸ் வரலாற்றில் அவ்வளவு சீக்கிரம் எந்தக் காகிதமும் நகர்ந்ததில்லை.

மேயர் சாவியை ஒரு வெல்வெட் பையில் வைத்துப் பனியில் நடந்தே கொண்டுவந்தார். அவர் வந்தபோது முன்சீட்டு காலியாக இருந்தது. பனி தள்ளும் லாரி ஓட்டுகிற டெல் ஓகர்மன் யாரும் கூப்பிடாமலே அந்தப் பக்கம் வந்திருந்தார்; வெர்னாவும் அவரும் சேர்ந்து ஹார்வியைத் தூக்கி லாரியில் ஏற்றி, டெல் பனியைத் தள்ளிக்கொண்டே இருபது மைல் வேகத்தில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு அரைமணி ஆகியிருந்தது.

வந்ததற்குச் சிவப்புச் சாவியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார் மேயர். குழி இரண்டடி ஆழமானது.

ஹார்வி பிழைத்துக்கொண்டார். இன்னும் பத்து நிமிஷம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து வெர்னாவுக்கு உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். இந்தக் காரைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் என் போலீஸ் பேட்ஜையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தார்.

ஜனவரியில் விசாரணைக் குழு அறிக்கை தந்தது. வாகனம் தன் கடமையில் யாதொரு குறையும் வைக்கவில்லை. அதற்கான வலிமை அதனிடம் இருந்தது மட்டுமின்றி மிகுதியாகவும் இருந்தது. டோனட் கடைத் தெருவைப் பனி தள்ளும் லாரி முன்கூட்டியே சுத்தம் செய்யாததே குறை. அந்த லாரி நம்பத்தக்கதல்ல என்று இதனால் தெளிவாகிறது. இரண்டு வண்டியையும் பராமரிக்க ஊருக்குச் சக்தியில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்பதை மக்களே முடிவு செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம். ஊரே வந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் கோபமாகத்தான் வந்தார்கள். ஹார்வி கம்பளி போர்த்தி முன்வரிசையில் இருந்தார். நகராட்சியை நாலு கேள்வி நறுக்கென்று கேட்கப்போவதாக வாசலிலேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

கூடத்தின் நடுவில், காய்ந்த சிமெண்ட் தரையில், கழுவித் துடைத்த காரை நிறுத்தியிருந்தார் மேயர். பெரிய கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். சாட்சியம் தொடங்குமுன் சம்பந்தப்பட்ட வாகனத்தை ஒருமுறை இயக்கிக் காட்டுவது முறை என்றார். சிவப்புச் சாவியை வெர்னாவிடம் நீட்டினார். மூன்று கையெழுத்தும் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது.

வெர்னா வாசிக்கக் கொண்டுவந்திருந்த இரண்டு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு உள்ளே இறங்கினார். பொத்தானை அமுக்கி, பெடலை மெதுவாக மிதித்தார்.

சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு உறுமல் கிளம்பி முதுகெலும்பில் ஏறியது. காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும் விசிறி மேல்ஸ்தாயியில் ஊளையிட்டது. விலா எலும்புக்குள் ஏதோ குலுங்கியது. மூட்டுவலி எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தார். பள்ளித் தலைமையாசிரியை கையை நெஞ்சில் வைத்திருந்தார். பாதிரியார் கண்ணை மூடியிருந்தார். ஹார்வியின் முகத்தில் நல்ல ரத்தக்களை வந்திருந்தது. டாக்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

"இன்னொரு தடவை மிதிங்க வெர்னா," என்றார் ஹார்வி.

மிதித்தார்.

பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. லாரியை விற்றுவிட்டுக் காரை வைத்துக்கொள்ள விரும்புவோர் கை தூக்கலாம் என்று அறிவித்தார் மேயர். முதலில் ஹார்வியின் கை எழுந்தது. அப்புறம் வரிசை வரிசையாக எழுந்தது. இமோஜின் ட்ராஸ்க் ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார்.

அந்த நேரத்தில் டெல் ஓகர்மன் பூட்ஸ் பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கூட்டத்துக்கு வந்தவர்கள் வீடு திரும்ப வேண்டுமே என்று மத்தியானத்திலிருந்து வெளியே பனி தள்ளிக்கொண்டிருந்தவர். உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. கார் ஜன்னல் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"எதுக்கு வெர்னா எல்லாரும் கை தூக்கியிருக்கீங்க?"

வெர்னா அப்போதுதான் நிமிர்ந்து, ஜன்னலுக்கு வெளியே உயர்ந்திருந்த தன் கையைப் பார்த்தார். இறக்கலாம் என்றால், இமோஜின் இன்னும் எண்ணி முடிக்கவில்லை.