வாடிக்கையாளர் அனைவரும் மர்ஹூம்

ஒரே ஒரு பட்டனை அமத்தி, இப்றாஹிம் கற்பிட்டியில் பாதிப் பேரை மௌத்தாக்கிவிட்டான். மீதிப் பாதி தப்பியது அவனுடைய இரக்கத்தால் அல்ல. அவர்கள் அவன் தங்கச்சியின் கடையில் இன்னும் கருவாடு வாங்கத் தொடங்கவில்லை.

கடை என்றால் தராசு தொங்குகிற கடை அல்ல. கைருன்னிஸா இணையத்தில் நடத்துகிற கருவாட்டுக் கடை. படத்தைப் பார்த்து விரலால் தட்டினால் வீட்டுக்கே வரும். அந்தக் கடையோடு சேர்த்து ஒரு 'கேள்விப் பெட்டி'யும் கொடுத்திருந்தார்கள். அதில் கட்டளை எழுதினால், கடைக்குள் இருக்கிற பேர், விலை, விலாசம் எல்லாவற்றையும் தேடியும் தரும், மாற்றியும் தரும்.

"நானா, ஓடர் வந்தா பொதி கட்டுங்க. போன் வந்தா கதைங்க. கேள்விப் பெட்டிய மட்டும் தொடாதீங்க," என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டுத்தான் கைருன்னிஸா காலையில் புத்தளத்துக்கு பஸ் ஏறினாள்.

"நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றான் இப்றாஹிம்.

சின்னப் பிள்ளை இல்லை, நாற்பத்தாறு வயது. இறால் வளர்த்தான், இறால் செத்தது. போன் கடை போட்டான், கடை செத்தது. அதற்குப் பிறகு தங்கச்சிதான் தன் வீட்டு முன்னறையில் ஒரு கதிரையையும் ஒரு கணினியையும் காட்டி, "இனி நீங்கதான் என்ட மனேஜர்," என்றாள். ஊரில் இனி அவனுக்குக் கதிரை கொடுக்க வேறு ஆளில்லை என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

அவன் பெட்டியைத் தொட்டதும் நல்ல எண்ணத்தில்தான். அபூசாலி ஹாஜியார் நோன்புக்கு முந்தி மௌத்தாகி அடக்கமும் ஆகியிருந்தார். ஆனால் வியாழன் தோறும் பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில் கடை தானாக அனுப்புகிற மெசேஜ் அவருடைய போனுக்கும் போய்க்கொண்டேயிருந்தது. 'அன்பின் அபூசாலி ஹாஜியார் அவர்களே, உங்களுக்குப் பிடித்த கட்டாக் கருவாடு வந்திருக்கிறது.' போன வாரம் ஒரு பொதி கொடுக்கப் போன இடத்தில், அவருடைய மனைவி கமறியா அந்த மெசேஜைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்ததை இப்றாஹிம் கண்டான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. இவனே முடிவெடுத்தான்.

முதலில் மரியாதையாக ஹாஜியாரின் பேருக்கு முன்னால் 'மர்ஹூம்' சேர்ப்பது. இறந்துபோனவரின் பேரை அந்தச் சொல் இல்லாமல் எழுதினால் ஊரில் குறை சொல்வார்கள். பிறகு மெசேஜை நிறுத்துவது.

'பேருக்கு முன்னால் மர்ஹூம் சேர்' என்பது முதல் வரி. எங்கே சேர்ப்பது என்பது இரண்டாம் வரி. செய்முறை வீடியோவில் வந்த பையன் அந்த இரண்டாம் வரியைப் பற்றித்தான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். அந்த நேரம் பார்த்து இப்றாஹிம் தேத்தண்ணி ஊற்ற எழும்பியிருந்தான். எங்கே என்று சொல்லாவிட்டால், பெட்டி எங்கும் என்று எடுத்துக்கொள்ளும்.

இப்றாஹிம் முதல் வரியை மட்டும் எழுதினான். கீழே சிவப்பில் ஒரு பட்டன், மஞ்சளில் ஒரு பட்டன். சிவப்பைக் கண்டால் அவனுக்கு எப்போதுமே பயம். மஞ்சளை அமத்தினான்.

மர்ஹூம் அபூசாலி ஹாஜியார். சரி. மர்ஹூம் பதியுதீன். என்னது? மர்ஹூம் றம்ஸியா. மர்ஹூம் அன்ரனிப்பிள்ளை. திரையை இழுக்க இழுக்க, கல்லறை கல்லறையாக மையவாடி நீண்டுகொண்டே போனது. அடியில், கடையைச் சோதித்துப் பார்க்கத் தன் பேரையும் போட்டு வைத்திருந்த மர்ஹூம் கைருன்னிஸா.

"யா அல்லாஹ், தங்கச்சியையும் விடல்லியே!"

அன்றைக்கு வியாழக்கிழமை. அஸருக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். இப்றாஹிம் கணினியின் வயரைப் பிடுங்கினான். கடை அந்த வயரில் இல்லை, எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிறது என்பது பிடுங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. பெட்டியை விற்ற கொழும்புக் கம்பனியின் உதவி இலக்கத்துக்கு எடுத்தான். 'உங்கள் அழைப்பு எமக்கு முக்கியமானது' என்று பதிவு பண்ணிய குரல் சொல்லி, தகவலைப் பேசி வைக்கச் சொன்னது.

"அவசரம். ஊரில பாதிப் பேர் மௌத்தாகிட்டாங்க. திருப்பி எழுப்பணும். கெதியா எடுங்க," என்று பேசி வைத்தான்.

பிறகு உப்பளக்காரர் பதியுதீன் மாமாவுக்கு எடுத்தான்.

"மாமா, கடையில இருந்து ஒரு மெசேஜ் வரும். திறக்க வாணாம்."

"ஏன்டா?"

"வைரஸ் மாமா. திறந்தா போன் பழுதாகிடும். பாக்காம அழிச்சிட்டு, போனையும் கொஞ்ச நேரம் நிப்பாட்டி வைங்க. மத்த ஆக்களுக்கும் சொல்லுங்க."

பொய் அவ்வளவு லேசாக வேலை செய்தது அவனுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு வெட்கமாக எல்லா வாடிக்கையாளருக்கும் அதையே சொன்னான். கமறியாவுக்கு மட்டும் எடுக்கக் கை வரவில்லை.

வள்ளக்காரர் அன்ரனிப்பிள்ளை மட்டும் விடவில்லை.

"தம்பி, வைரஸ் கதைய விடும். அதில என்ன எழுதிக் கிடக்கு?"

"உங்கட பேருக்கு முன்னால... மர்ஹூம் எண்டு."

"அதென்ன, பட்டமோ?"

"பட்டம் மாதிரித்தான் அண்ணன். போற நேரம் குடுக்கிறது."

"எங்க போற நேரம்?"

இப்றாஹிம் விரலால் வானத்தைக் காட்டினான். போனில் அது தெரியாவிட்டாலும் அன்ரனிப்பிள்ளைக்கு விளங்கிவிட்டது.

"தம்பி, நான் போன ஞாயிறுதான் பாவசங்கீர்த்தனம் செய்தனான். எண்டாலும் எனக்கு அவ்வளவு அவசரம் இல்ல, ஓமோ?"

இதற்குள் ஊரில் போன்களெல்லாம் அணைந்துவிட்டன. கட்டாரில் இருந்த பதியுதீன் மாமாவின் மகன் வாப்பாவுக்கு எடுத்தான், இல்லை. பெரியப்பாவுக்கு எடுத்தான், இல்லை. பக்கத்து வீடும் இல்லை. கடைசியில் கருவாட்டுக் கடைக்கு எடுத்தான்.

"இப்றாஹிம் நானா, வாப்பாக்கு என்ன? ஊரில ஒருத்தர்ட போனும் வேலை செய்யல்ல!"

ஒரு நாளில் ஒரு மனிதன் எத்தனை பொய்தான் சொல்வது? "வாப்பா நல்லா ஈக்கிறார் தம்பி. மர்ஹூம் எண்டது எழுத்தில மட்டும்தான்."

அந்தப் பக்கம் "வாப்பா!" என்று ஒரு அலறல். இணைப்பு அறுந்துவிட்டது.

பொழுது சாய முந்தி, மகன் போனில் சொன்ன செய்தியைக் கேட்டு மதுரங்குளியில் இருந்து சொந்தக்காரர்கள் ஓட்டோ ஓட்டோவாக, மௌத்து வீட்டுக்கென்று சீனியும் தேயிலையும் கையுமாகப் பதியுதீன் மாமாவின் வீட்டு வாசலில் இறங்கினார்கள். "என்ன விசேஷம், எல்லாரும் ஒண்டா?" என்று வெளியே வந்து கேட்ட மாமாவைப் பார்த்து இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள்.

இனி ஒரே வழிதான் என்று இப்றாஹிம் பள்ளிவாசலுக்கு ஓடினான்.

"மோதினார், ஒருத்தரும் மௌத்தாகல்ல எண்டு மைக்கில ஒருக்கா சொல்லுங்க!"

பாங்கு சொல்கிற மோதினார் நல்ல மனிதர். ஆனால் பாங்கு அல்லாத நேரத்தில் அவர் மைக்கைப் பிடித்தால் வாய்க்கு ஒரே ஒரு பாதைதான் தெரியும். "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸா அறிவித்தல்..." என்று தொடங்கிவிட்டார். பிறகுதான் இப்றாஹிமின் முகத்தைப் பார்த்தார். "...இல்லை," என்று முடித்தார்.

கற்பிட்டிக் காற்று அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் அள்ளிக்கொண்டு போய்க் கடலில் போட்டது.

யார் மௌத்து, யாருடைய ஜனாஸா என்று கேட்டு ஊரே தெருவுக்கு வந்தது. விசாரித்து விசாரித்து, இப்றாஹிம் திரும்பி ஓடிப்போன கைருன்னிஸாவின் வீட்டு வாசலில் வந்து நின்றது. பதியுதீன் மாமா மர்ஹூம் ஆன கோபத்தோடு முன்னால் நின்றார். அன்ரனிப்பிள்ளை ஜெபமாலையோடு வந்திருந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, பஸ்ஸில் இருந்து இறங்கிய கைருன்னிஸா உள்ளே வந்தாள்.

"நானா, என்ன செஞ்சீங்க?"

சொன்னான். கட்டளை, மஞ்சள் பட்டன், வைரஸ், கட்டார், மைக். ஒன்றையும் விடவில்லை. அவள் கத்தியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அவனுடைய கதிரையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"பேர் சொல்லிக் கூப்பிடுற கடை எண்டுதானே நானா எங்கட்ட வாங்குறாங்க," என்றாள் மெதுவாக. "அந்தப் பேரையே..."

இப்றாஹிம் நிலத்தைப் பார்த்தான். நிலம் பிளக்கவில்லை. சீமெந்து நிலம்.

அப்போது கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. கமறியா வந்து நின்றார்.

"மகன், அவர்ட பேருக்கு வார மெசேஜை நிப்பாட்டப் போனீங்களாமே?"

"உங்களுக்கு வேதனையா ஈக்கும் எண்டுதான் மாமி..."

"நிப்பாட்டிடாதீங்க மகன். எல்லாரும் மர்ஹூம், மர்ஹூம் எண்டுதான் சொல்றாங்க. சும்மா அவர்ட பேரைச் சொல்லிக் கூப்பிடுறது இந்தக் கடை மட்டும்தான்."

இப்றாஹிமுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த ஒரு பேரையும் அவன் இன்றைக்குக் கெடுத்தாயிற்று.

போன் அடித்தது. கொழும்பு இலக்கம். கைருன்னிஸா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

"வணக்கம் சேர், உதவிப் பிரிவில இருந்து நிலானி கதைக்கிறன். ஆக்கள் மௌத்து எண்டு பேசி வச்சிருந்தீங்க."

"ஓம் மகள்," என்றான் இப்றாஹிம். "திருப்பி எழுப்ப வழி ஈக்கா, இல்லியா? சுத்தி வளைக்காம நேராச் சொல்லுங்க."

விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது.

"சேர், நீங்க அமத்தினது மஞ்சள் பட்டன், அது வெறும் ஒத்திகை, திரையில மட்டும்தான் காட்டும். ஒரு பேரும் மாறல்ல, மெசேஜும் வழமை போலதான் போயிருக்கு. அப்ப ஊரில பாதிப் பேர் மௌத்து எண்டு யார் சேர் கதை கட்டினது?"