ஆட்சேபம் உள்ளவர்கள் அசையவும்

ஒரு காட்டில் என்று ஆரம்பித்தால்தான் உங்களுக்குக் கதை கேட்ட திருப்தி வரும். சரி, ஒரு காட்டில் வெயிலுகந்தாள் என்று ஓர் ஓணான் இருந்தாள். அந்தக் காடு ஒரு தீவில் இருந்தது. தீவைச் சுற்றிக் கடல் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் கரையூர் இருந்தது. அங்கேதான் அதிகாரிகள் எல்லாம் இருந்தார்கள். அதிகாரிகள் இருக்கிற இடத்திலிருந்து திட்டங்கள் படகேறித் தீவுக்கு வரும். பாதி வழியிலேயே மூழ்கிவிடும். இது மூழ்காமல் வந்து சேர்ந்த ஒரு திட்டத்தின் கதை.

வெயிலுகந்தாளுக்குச் சொத்து என்று சொல்ல ஒரு பாறை இருந்தது. அவளுக்கு மட்டும் சொந்தமில்லை, ஓணான் சனம் முழுவதற்கும் பொது. தீவின் கிழக்குக் கரையில், பள்ளத்தில் கிடந்த கரும்பாறை. காலை வெயில் அதன்மேல் விழும்வரை ஓணான்கள் சுள்ளி மாதிரி விறைத்துக் கிடப்பார்கள். கண் திறந்திருக்கும், காது கேட்கும். ஆனால் கால் நகராது, நாக்கு புரளாது. வெயில் ஏறியதும் ஒவ்வொருவருக்காக உயிர் வரும். உயிர் வந்ததும் முதல் காரியமாகத் தலையை மேலும் கீழும் ஆட்டுவார்கள். எதற்காக ஆட்டுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. நீங்கள் எழுந்ததும் எதற்காகச் செல்போனைத் தடவுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், பிறகு ஓணானைக் கேட்கலாம்.

அந்தப் பருவத்தில் வெயிலுகந்தாள் பாறையடி மணலைத் தோண்டி முட்டையிட்டு மூடியிருந்தாள். ஓணான்கள் முட்டையிட்ட பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை என்று பாடப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். வெயிலுகந்தாள் பாடப் புத்தகம் படித்தவள் அல்ல. தினமும் உச்சி வேளையில் வந்து, வயிற்றை மணலில் பதித்துச் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். அந்த முட்டைகளை அடைகாப்பது வெயில்தான். மணல் குளிர்ந்துபோனால் குஞ்சு கிடையாது.

இப்படியிருக்க, குன்றின் மேல் குகையில் குடியிருந்த தலைவர் வராகமூர்த்திக்குச் சுத்தமான மின்சாரத்தின் மேல் ஆசை வந்தது. வராகமூர்த்தி காட்டுப்பன்றி. அதுவரை அவர் டீசல் ஜெனரேட்டர் வைத்திருந்தார். கடல் கொந்தளித்தால் டீசல் வராது. டீசல் வந்தால் புகையும் சத்தமும் தீவு முழுவதும் வரும், வெளிச்சம் மட்டும் குகையைத் தாண்டி வராது. ஆகவே சோலார் பேனல் என்றதும் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். திட்டம் நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெயிலுகந்தாளுக்கும் இல்லை. வெயிலை நம்பியே பிழைப்பவளுக்கு வெயிலின் அருமையைக் கரையூரிலிருந்து ஆள் வந்து சொல்ல வேண்டுமா?

ஆனால் ஆள் வந்தது. பொறியாளர் தவசீலன் என்கிற கொக்கு. ஒற்றைக் காலில் நின்று தீவை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"குன்றோட உச்சிதான் சரியான இடம் தலைவரே. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில் விழும். உப்புத் தண்ணி தெறிக்காது."

"அங்கதான் நான் சேத்துல புரளுற குட்டை இருக்கு."

"குட்டையைத் தொட மாட்டோம். பக்கத்துலதான்."

"பக்கத்துல பளபளன்னு ஒண்ணு நின்னா எனக்குப் புரள வருமா? கூச்சமா இருக்காது?"

தவசீலன் அனுபவஸ்தர். இந்த மாதிரி இடத்தில் எந்தக் கேள்வியைக் கைவிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வெயில் எங்கே நன்றாக விழும் என்பதை விட்டுவிட்டார்.

"அப்ப, ஆட்சேபம் வராத இடம் எது?"

வராகமூர்த்தி மூக்கால் பள்ளத்தைக் காட்டினார்.

திட்டத்தால் பாதிக்கப்படுகிறவர்களின் இருப்பிடத்துக்கே போய்க் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. தலைவர் விதியை மீறுகிறவர் அல்ல. பாறைக்கே வந்தார். விடிந்தும் விடியாமலும் வந்தார். கூடவே செயலர் பொறுமைநாதன் வந்தார். அவர் ஆமை என்பதால் முதல் நாளே கிளம்பியிருந்தார்.

"அன்பான ஓணான் மக்களே! இந்தப் பாறைக்கு மேல பேனல் போடப் போறோம். தீவுக்கே வெளிச்சம். ஆட்சேபம் உள்ளவங்க அசையுங்க" என்றார் வராகமூர்த்தி.

வெயிலுகந்தாள் ஒரு சொல் விடாமல் கேட்டாள். பேனல் என்றால் நிழல். நிழல் என்றால் குளிர்ந்த மணல். என் முட்டை, என் முட்டை என்று உள்ளுக்குள் கதறினாள். வால் நுனிகூட அசையவில்லை. வாழ்நாளில் அவ்வளவு பயந்தது கிடையாது, அவ்வளவு அமைதியாகக் கிடந்ததும் கிடையாது. பக்கத்தில் கிடந்த சுடலைமுத்துவுக்குக் கண் மட்டும் உருண்டது.

"ஒருத்தருக்குக் கண்ணு அசையுது தலைவரே" என்றார் பொறுமைநாதன்.

"கண்ணெல்லாம் கணக்குல வராது. உடம்பு அசையணும்."

தலைவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், அதையும் சொல்லியாக வேண்டும். பிறகு, "இப்படி ஒத்துழைக்கிற சனத்த நான் பார்த்ததே இல்ல" என்று நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். பொறுமைநாதன் "நிறைவேறியது" என்று அறிவித்தார். அவர்கள் குன்றேறிப் போன பிறகு வெயில் வந்தது. ஓணான்கள் எல்லோரும் எழுந்து தலையாட்டினார்கள்.

பேனலைப் பொருத்திவிட்டு, பேட்டரிப் பெட்டியைக் காட்டித் தவசீலன் எச்சரித்தார். "இது மேடான இடத்துல இருக்கணும். சுத்திலும் காத்து ஓடணும். பக்கவாட்டுல இருக்கிற துவாரத்த எதுவும் அடைக்கக் கூடாது. அடைச்சா சூடேறி தானா நின்னுடும். நிக்கலன்னா தீப்பிடிக்கும்."

"பார்த்துக்கலாம்" என்றார் தலைவர். பார்த்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெட்டியை மேட்டுக்குத் தூக்கச் சோம்பலாக இருந்தது, பாறையடியிலேயே வைத்தார்கள். அங்கிருந்து ஒரு நீளமான கம்பி குன்றேறிப் போனது. குகைக்கு விளக்கு வந்தது, ஃபேன் வந்தது, சேற்றுக் குட்டைக்குத் தண்ணீர் இறைக்க மோட்டார் வந்தது. அவ்வளவு நீளக் கம்பியிலிருந்து பள்ளத்துக்கு ஒரு பல்புகூடப் பிரியவில்லை. தீவுக்கே வெளிச்சம் என்று சொன்னது பொய்யில்லை. குகையும் தீவில்தானே இருக்கிறது!

பள்ளத்தில் நிழல் விழுந்தது. பேனலின் மேலேயே ஏறிப் படுத்தால் என்ன என்று கேட்பீர்கள். சுடலைமுத்து ஏறினான். கண்ணாடியில் சர்ரென்று வழுக்கி, இறங்கின வேகத்தில் மணலில் முகம் குத்தி விழுந்தான். அதற்குப் பிறகு யாரும் ஏறவில்லை.

வெயிலுகந்தாள் மணலில் வயிற்றை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. முட்டையைத் தோண்டி வேறு இடத்துக்கு உருட்டினால் உள்ளே இருக்கும் உயிர் கலங்கிவிடும். பேனலை அவளால் தள்ள முடியாது. பாவம், என்ன செய்வாள்? இருக்கிற சூட்டையாவது கொடுப்போம் என்று மணலோடு ஒட்டிப் படுத்தாள். ஓணானின் உடம்பில் ஏது சூடு? அவளும் சேர்ந்து குளிர்ந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் சுடலைமுத்து அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தான்.

"தங்கச்சி, ஓடி வா! இந்தப் பெட்டி ஓட்டையிலேருந்து வெந்நீர் ஆவி மாதிரி காத்து வருது. வயித்த வச்சுப் பாரு, சொர்க்கம்!"

கொஞ்ச நேரத்தில் ஓணான் சனம் முழுவதும் பெட்டியில் அப்பிக்கொண்டது. ஆளுக்கு ஒரு துவாரம். வயிற்றால் அடைக்க அடைக்கச் சூடு ஏறியது. சூடு ஏற ஏற இன்னும் இறுக்கி அடைத்தார்கள். வெயிலுகந்தாளும் போய் ஒட்டிக்கொண்டாள். அவளுக்கு மட்டும் சுகமாக இல்லை, ஏழெட்டு அடி தள்ளி மணலுக்குள் முட்டைகள் குளிரில் கிடந்தன. ஆனாலும் மறுநாள் காலையில், ஓணான் வரலாற்றிலேயே முதல்முறையாக, சூரியன் உதிப்பதற்கு முன்பே எல்லோருக்கும் கை கால் வந்துவிட்டது.

அதே காலையில் குன்றின் மேல் வராகமூர்த்தி ஆனந்தமாகச் சேற்றில் புரண்டுகொண்டிருந்தார். மோட்டார் நின்றது. சேறு இறுகத் தொடங்கியது. தலைவர் பாதி உடம்பு சேற்றுப் பூச்சோடு எழுந்து வந்து, "கூப்பிடு கூட்டத்த!" என்று கத்தினார்.

படகுக்குக் காத்திருந்த தவசீலன் பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "நான் சொன்னேனே தலைவரே. துவாரத்த எல்லாம் ஓணான்கள் அடைச்சுட்டாங்க. நல்லவேளை தானா நின்னுச்சு. இல்லன்னா பெட்டியும் போயிருக்கும், பாறையடியும் எரிஞ்சிருக்கும்."

கூட்டத்துக்கு வந்து நின்ற வெயிலுகந்தாள் அதைக் கேட்டதும் பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் தீ, நடுவில் முட்டைகள். போதாக்குறைக்கு அந்தத் தீயை மூட்டப் பார்த்தவர்களில் அவள் வயிறும் ஒன்று.

தீவின் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நடுவில் ஒரு மரக்கட்டை இருக்கும். அதில் ஏறி நிற்பவர்தான் கேள்வி கேட்கலாம், மற்றவர்கள் பதில் சொல்லலாம். பன்றிக்கு ஏற வராது என்பதால் இரண்டு ஆடுகள் பின்னாலிருந்து முட்டித் தலைவரை மேலே ஏற்றின.

"எல்லாரும் தயாரா இருங்க. ஆட்சேபம் உள்ளவங்க அசையுங்கன்னு சொன்னதும் குதிக்கணும்" என்று வெயிலுகந்தாள் சனத்திடம் கிசுகிசுத்தாள். குதிக்கக் காலைத் தயாராக மடித்து வைத்துக்கொண்டார்கள்.

வராகமூர்த்தி மேலிருந்து பார்த்தார். ஓணான்கள் இன்று சுறுசுறுப்பாக இருப்பதைக் கவனித்தார். தலைவர்கள் சும்மா தலைவராவதில்லை.

"பெட்டியையும் பாறையையும் சேர்த்து முள்வேலி போடப் போறோம். இனிமே ஓணான் உள்ள வரக் கூடாது, உள்ள இருந்து எதுவும் வெளிய வரவும் கூடாது. ஆதரவு உள்ளவங்க தலையாட்டுங்க!"

யாரும் ஆட்டாதீர்கள் என்று வெயிலுகந்தாள் கத்தினாள். கத்தும்போதே அவள் தலை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. சூடேறிய ஓணானின் தலையை யார் பிடித்து நிறுத்துவது? சுடலைமுத்து இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்தான், கையும் சேர்ந்து ஆடியது.

"ஏகமனதாக நிறைவேறியது" என்றார் பொறுமைநாதன்.

தீர்மானம் நிறைவேறினால் தலைவருக்கு முதுகு அரிக்கும். கட்டையிலிருந்து இறங்கி, பக்கத்து மரத்தில் முதுகைத் தேய்க்கப் போனார். வெயிலுகந்தாள் காலியான கட்டையைப் பார்த்தாள். அன்று குளிரில் கிடந்தோம், சம்மதம் என்றார்கள். இன்று சூட்டோடு வந்தோம், சம்மதம் என்றார்கள். நம் சனத்திடம் எப்படிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். அப்படியென்றால் தப்பு பதிலில் இல்லை.

அவள் கட்டையில் ஏறினாள். அவளுக்கு ஆடு தேவைப்படவில்லை. ஏறுவதற்கென்றே பிறந்தவள்.

"பேனலையும் பெட்டியையும் குன்றோட உச்சிக்கு, குட்டைக்குப் பக்கத்துல மாத்தலாம். பெட்டியை மேடை கட்டி, நிழல்ல, காத்தோட்டமா வைக்கலாம். ஆதரவு உள்ளவங்க தலையாட்டுங்க!"

ஓணான் சனம் தலையாட்டியது.

"அதைத்தானே நான் முதல்லயே சொன்னேன்" என்று தவசீலன் மற்றக் காலையும் கீழே வைத்தார்.

"பள்ளத்துக்கும் கம்பி வரணும். எல்லாருக்கும் சமமா!"

தலையாட்டியது.

வராகமூர்த்தி மரத்தை விட்டு ஓடி வந்தார். "இதெல்லாம் செல்லாது! அவங்க சும்மாவே தலையாட்டுவாங்க! அது சம்மதமே இல்ல, பழக்கம்!"

பொறுமைநாதன் ஓட்டுக்குள்ளிருந்து மெதுவாகத் தலையை நீட்டினார். "அப்படின்னா தலைவரே, முள்வேலியும் செல்லாது. அசையாததும் அவங்களுக்குப் பழக்கம்தான், அதனால பேனலே செல்லாது. எல்லாத்தையும் பிரிச்சுக் கரையூருக்கு அனுப்பிடலாமா?"

தலைவர் ஃபேனை நினைத்தார், மோட்டாரை நினைத்தார், இறுகிப்போன முதுகுச் சேற்றை நினைத்தார். "பழக்கமா இருந்தாலும் சம்மதம் சம்மதம்தான்" என்று முணுமுணுத்தார்.

ருசி கண்டுவிட்ட சுடலைமுத்துவும் கட்டையில் ஏறி, கடலைக் கொஞ்சம் தெற்கே தள்ளி வைக்கலாமா என்று கேட்டான். அதுவும் ஏகமனதாக நிறைவேறியது. அந்தத் தீர்மானம் மட்டும் இன்னும் கரையூரில் பரிசீலனையில் இருக்கிறது.

பேனல் உச்சிக்குப் போனது. அங்கே மின்சாரம் முன்னைவிடத் தாராளமாகக் கிடைத்தது. பளபளப்புக்குப் பக்கத்தில் புரள வராகமூர்த்திக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது. பள்ளத்துக்கும் விளக்கு வந்தது. பாறையில் பழையபடி வெயில் விழுந்தது. வெயிலுகந்தாள் மணலில் வயிற்றை வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடு. அழுதே விட்டாள்.

குஞ்சுகள் ஒன்றுவிடாமல் பொரிந்து, மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. வெயில் பட்டதும் வரிசையாக நின்று தலையாட்டின. வெயிலுகந்தாள் பாறையின் உச்சியில் ஏறி நின்று அவற்றைப் பார்த்தாள். எவ்வளவு அடக்கமான பிள்ளைகள் என்று மனசு பூரித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இந்தப் பாறையில வெயில் நல்லா விழுற இடம் இனிமே அம்மாவுக்குத்தான். ஆதரவு உள்ளவங்க தலையாட்டுங்க!"

நீதி: தலையாட்டும் பழக்கத்தை விட முயன்று காலத்தை வீணாக்காதீர்கள், கட்டை காலியாகும்போது ஓடிப்போய் ஏறிக்கொள்ளுங்கள்.