எப்பம் எடுக்காவ?

1953 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. காலையில் கிணற்றடியில் குளித்தேன். முகம் மழித்தேன். பயறும் கஞ்சியும் சாப்பிட்டேன். வழக்கம்போல அளவுகோலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன். (சுதந்திர தினத்தில் அளவுகோல் எதற்கு என்று கேட்காதீர்கள். கணக்கு வாத்தியார்கள் அப்படித்தான்.)

அன்று நாகர்கோவில் தெருக்களில் பள்ளிக்கூட பேண்டுக் குழுக்களின் ஊர்வலப் போட்டி. இசைக்கு ஒருவர், உடுப்புக்கு ஒருவர், நடைக்கு நான். மூன்று நடுவர்களும் ஆளுக்கொரு தெருவில். பெண்கள் பள்ளிக் குழுவைப் பழக்கியவள் என் மனைவி பொன்னம்மாள். இருந்தும் என்னை நியமித்தார்கள். பெற்ற தாய்க்கும் அரை மார்க் கூட்டிப்போட மாட்டான் என்று எனக்கொரு பெயர் இருந்தது. அதை நான் புகழ்ச்சி என்றே எண்ணியிருந்தேன்.

இரண்டு வருஷமாக அவளுடைய குழுவுக்கு இரண்டாம் பரிசுதான். இந்த முறை கப் வாங்கியே தீருவது என்று பிள்ளைகளை வெயிலில் நடக்கவிட்டுப் பழக்கியிருந்தாள்.

“பெஞ்சாதின்னு ஒண்ணும் கூட்டிப்போட வேண்டாம். கால மட்டும் பாருங்க, போதும். எம் பிள்ளியளுக்க காலு ஒண்ணுபோல விழும்” என்றாள்.

காலை மட்டும் பார்த்தேன். அதுதான் வினை.

எனக்கு ஒதுக்கிய தெருமுனையில், ஒரு வீட்டு வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. நடுவருக்கு என்று எண்ணி, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். யாரோ பாலில்லாத கட்டன் காப்பி கொண்டுவந்து தந்தார். (மரியாதை என்றால் இதுவல்லவா!) ஒரு கிழவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

“மக்கா, எப்பம் எடுக்காவ?”

ஊர்வலத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். “பத்து மணிக்கு எடுப்பு, பாட்டா. ரெண்டு செட்டு கொட்டு வருது.”

“ரெண்டு செட்டா! கொடுத்துவச்ச மனுசன்.”

என்னைத்தான் சொல்கிறார் என்று அடக்கமாகத் தலைகுனிந்தேன். பிறகு நிமிரவேயில்லை.

முதலில் ஆண்கள் பள்ளி. தெரு அதிர்ந்தது. கால்கள் ஒரே காலாக விழுந்தன. முழு மார்க். அடுத்து பொன்னம்மாளின் பிள்ளைகள். ஒழுங்காகத்தான் வந்தார்கள். பெஞ்சை நெருங்கியதும் கொட்டு நின்றது. கால்கள் வரிசை குலைந்து, கோயிலுக்குள் நுழைகிறவர்களைப்போல மெல்ல நகர்ந்தன. ஈவு இரக்கமில்லாமல் மார்க்கை வெட்டினேன். என் நேர்மையை நினைத்து எனக்கே மெய்சிலிர்த்தது.

மைதானத்தில் கப் ஆண்கள் பள்ளிக்குப் போனது. பொன்னம்மாள் நேரே என்னிடம் வந்தாள்.

“சாவு வீட்டுக்கு முன்னால கொட்டடிச்சவனுக்குக் கப்பு. கொட்ட நிறுத்தி அடங்கி நடந்தவளுக்கு வெட்டு. நல்லாருக்கு உங்க நியாயம்!”

“எந்தச் சாவு வீடு?”

“நீங்க இருந்த பெஞ்சு யாருக்குப் போட்டதுன்னு நெனச்சிய? துட்டி கேக்க வாறவங்களுக்கு!”

கிழவர் கேட்டது எந்த எடுப்பை என்று அப்போதுதான் உறைத்தது. விழாக் காரியதரிசியிடம் ஓடினேன். “கப்பு கை மாறியாச்சு சார்” என்று கையை விரித்துவிட்டார்.

மாலையில் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் எங்கள் தெரு வழியாக வந்தார்கள். இறந்தவரின் மகன் என்னைக் கண்டதும், வாசல் ஏறாமல் தெருவில் நின்றபடியே கைகூப்பினார்.

“சொந்தக்காரனுவ வந்து உக்காந்து எலெக்‌ஷன் பேசினானுவ. நீங்க ஒருத்தருதான் சார் தலை நிமிராம இருந்திய. நாளைக்குக் காலம்பற காடாத்துக்கும் கட்டாயம் வரணும்.”

சாம்பல் எடுக்கும் சடங்குக்கும் அழைப்பு! கதவுக்குப் பின்னால் பொன்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “போய்ட்டு வாங்க. அங்கயாவது உங்களுக்கு முழு மார்க்கு கெடச்சிருக்கு.”

அடுத்த வருஷம் கப் அவளுக்கே வந்தது. நடுவர் வேறு ஆள். ஆனால் இன்றும் நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே புறப்பட்டால், பொன்னம்மாளும் எங்கள் மகளும் ஒரே குரலில் கேட்பார்கள்: “எப்பம் எடுப்பு?”

அந்தச் சுதந்திர தினத்துக்கு மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக அளவுகோலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பிறகு காடாற்றுக்குப் போனேன். பெஞ்சு அதே இடத்தில் கிடந்தது. நின்றுகொண்டேன்.