நூறாவது குழந்தைக்கு நூறு ரொட்டி

மனித இனத்தைப் பெருக்கிய மகான்கள் என்று ஒரு பட்டியல் எடுத்தால், ஆதாமுக்கு அடுத்த வரியில் எழுத வேண்டிய பெயர் ராயபுரம் சாவியோ. ஆதாமுக்காவது ஒரு தோட்டமே சொந்தமாக இருந்தது. ஏவாளைத் தவிர வேறு ஆள் நடமாட்டமும் கிடையாது. சாவியோ சாதித்ததெல்லாம் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டின் வாசலில், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றைக் கட்டைவிரலால்.

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்களின் சீல் நம்பரைச் சரிபார்த்து எழுதுவது அவன் உத்தியோகம். ஒரு வண்டிக்கு இரண்டு நிமிடம். பிறகு ரோட்டில் டிரெய்லர்கள் மணிக்கணக்காக நிற்கும். அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற உயர்ந்த நோக்கத்தில்தான் அவன் போனில் அந்த விளையாட்டை இறக்கினான். பூமியின் மேலே காற்றெல்லாம் விஷமாகிவிட்டது, எனவே மக்கள் தரைக்கடியில் குழி தோண்டிக் குடியிருக்கிறார்கள் என்பது கதை. எண்ணூர்ப் பக்கம் வேலை பார்ப்பவனுக்கு முதல் பாதியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் குழிக்கு ஒரு தலைவர் உண்டு. அவர் அறைகள் கட்ட வேண்டும், தண்ணீர் விட வேண்டும், கரண்ட் கொடுக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும்.

பன்னிரண்டு பேரோடு தொடங்கிய ஆட்சி அது. தலைவரின் கணக்கில் அந்தப் பன்னிரண்டு பேரும் அவர் பிள்ளைகள்தான். ஒரு வருடத்தில் எண்பத்தாறு ஆனது. பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் தலைவரே பெயர் வைத்தார். முதல் அறுபது பேருக்குப் புனிதர்களின் பெயர். அதற்குப் பிறகு அவனுக்குத் தெரிந்த புனிதர்கள் தீர்ந்துபோகவே, தோஸ்து டில்லிபாபுவின் பரிந்துரைப்படி அறுபத்தொன்றாவது குழந்தைக்குப் பீம்ராவ் என்று பெயரிடப்பட்டது. டில்லிபாபு வியாசர்பாடிக்காரன், டிரெய்லர் டிரைவர், நிஜத்திலேயே மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆகவே துறை வல்லுநர்.

எண்பத்தாறோடு எண்ணிக்கை நின்றுபோனபோது, யார்டு வாசல் டீக்கடையில் இருவர் அடங்கிய 'உயர்மட்டக் குழு' அவசரமாகக் கூடியது.

"மாமு, ஒரு வாரமா ஏறவே மாட்டேங்குது," என்றான் சாவியோ.

டில்லிபாபு போனை வாங்கி, டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் மாதிரி தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "இந்த ரூம்ல எத்தினி பேர வச்சிகினு கீற?"

"ஆறு பேரு. மூணு ஜோடி. எடம் வேஸ்ட் ஆவக் கூடாதுல்ல?"

"அட இன்னா மாமு நீ! ஆறு பேர ஒரே ரூம்ல அடச்சிட்டு கொயந்த வோணும்னா எப்டி வரும்? வெக்கமா இருக்காதா அதுங்களுக்கு? ஒரு ஆம்பள, ஒரு பொம்பள. அவ்ளோதான். மூணாவது ஆள் உள்ள கால வச்சான்னா ஒண்ணும் நடக்காது."

உண்மைதான். சாவியோ உற்றுப் பார்த்தான். கூட்டமான அறையில் ஒவ்வொரு ஜோடியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி நின்றது. சொந்தபந்தம் உள்ளே இருந்தால் இன்னும் மோசம். தலைக்கு மேல் ஒரு தட்டும் ஸ்பூனும் தோன்றும், சாப்பாட்டைப் பற்றி மட்டும் விசாரித்துக்கொள்வார்கள். அன்று மாலையே தலைவர் புரட்சிகரமான ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஜோடிக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு கதவு. இடையூறாக இருந்த மாமியார், மச்சினன், பெரியவர்கள் எல்லோரையும் கட்டைவிரலால் ஒவ்வொருவராக இழுத்துத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விட்டார். பத்தே நாளில் மக்கள்தொகை தொண்ணூற்று நான்கு. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் மகிழ்ச்சியைக் காட்டும் பச்சைக் கோடு ஒன்று உண்டு. எல்லாம் முனை வரை நிரம்பி நின்றது.

இத்தகைய நிர்வாகியின் சொந்த இருப்பிடம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்வது முறை. ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரே அறை, ஒட்டினாற்போல் சமையலுக்கு ஒரு மூலை. கட்டிலில் துறைமுகத்தில் ரிட்டயர் ஆன நைனா இன்னாசி, எதிரில் ஓயாத டி.வி. கட்டிலடியில் அம்மா ஐரீன். வாசலோரம் ஷிப்டு வேலைக்குப் போகும் தம்பி ஜெரால்ட். அவன் எப்போது தூங்குவான், எப்போது விழிப்பான் என்று புனிதர்களுக்கே தெரியாது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சாவியோவும் மெர்லினும். குறுக்கே கயிற்றில் ஒரு பழைய புடவை. ஃபேனை மூன்றில் வைத்தால் புடவை பறக்கும். ஒன்றில் வைத்தால் நைனாவுக்கு வேர்க்கும். நைனாவுக்கு வேர்க்கக் கூடாது என்பது அந்த வீட்டின் அரசியல் சட்டம்.

கல்யாணமாகி நான்கு வருடம். அன்பியம் என்று அந்தத் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். வாராவாரம் கடைசி ஜெபம் மெர்லினின் வயிற்றுக்குத்தான். பத்துப் பதினைந்து பேர் கண்ணை மூடிக்கொண்டு தன் வயிற்றைப் பற்றி ஆண்டவரிடம் புகார் சொல்வதை அவள் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். அவமானமாக இருக்கும். டாக்டரிடமும் போனார்கள். "ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்ல. கொஞ்சம் தனியா, நிம்மதியா இருங்க, போதும்," என்றார் அந்த அம்மாள். சாவியோ அந்த ஆலோசனையை அட்சரம் பிசகாமல் பின்பற்றினான். யார்டு வாசலில் தனியாக, நிம்மதியாக இருந்தான்.

மெர்லின் தொண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். அங்கே பிரஷர் மாத்திரை வாங்க வரும் ரஹீமுன்னிசா என்ற அம்மாளுக்குத் திருவொற்றியூரில் வீடு. மொட்டைமாடியில் ஓர் அறை காலி. ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான், வெயிலில் காயும்தான், ஆனால் உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. மெர்லின் அந்தத் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தாள். வேறு ஆட்களும் கேட்டுக்கொண்டிருப்பதால் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் புருஷனை வந்து பேசச் சொன்னார் ரஹீமுன்னிசா.

"உங்கம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்று கேட்டாள் மெர்லின்.

"நானே சொல்றேன். நேரம் பாத்து சொல்லணும்."

"ரெண்டு வருசமா நேரந்தான் பாத்துகினு கீற. செவ்வாக்கெயம போயி பேசிடு. இந்த ரூமும் போச்சின்னா எனக்குத் தாங்காது, சாவியோ."

"கண்டிப்பா போறேன். நீ பேஜார் ஆவாத," என்றான். அவள் முகத்தை அவன் கவனித்துப் பார்த்தது உண்மை. ஆனால் மெர்லினுக்குத் தலைக்கு மேல் பச்சைக் கோடு எதுவும் இல்லை. வெறும் முகத்தை வைத்து ஒரு நிர்வாகி என்ன முடிவுக்கு வர முடியும்?

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது குழியின் மக்கள்தொகை தொண்ணூற்றொன்பது. அன்று காலை பார்த்துக் குழியில் தீப்பிடித்தது. நூறாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த பெண் புகைக்குள் அங்குமிங்கும் ஓடினாள். ரோட்டில் நாற்பது டிரெய்லர் ஹாரன் அடித்தது சாவியோ காதில் விழவில்லை. கண் கலங்கி, போனை நெஞ்சோடு அணைத்து, "அந்தோணியாரே, இந்தப் பொண்ண காப்பாத்து. நூறாவது கொயந்த நல்லபடியா பொறந்தா உன் கோயில்ல நூறு ரொட்டி குடுக்கிறேன்," என்று நேர்ந்துகொண்டான்.

மத்தியானம் அரைநாள் லீவு போட்டுவிட்டு ரஹீமுன்னிசாவைப் பார்க்கத்தான் கிளம்பினான். இதை அவன் எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் செய்வான். தெரு முனை வரை போய்விட்டான். மொட்டைமாடி அறையின் ஜன்னல்கூடத் தெரிந்தது. அப்போது பாக்கெட்டில் போன் 'குவா குவா' என்றது. நூறாவது குழந்தை! தாயும் சேயும் நலம். சாவியோ தெருவில் நின்றபடியே சிலுவை போட்டுக்கொண்டான். நேர்ச்சையைத் தள்ளிப்போட்டால் அந்தோணியாருக்குக் கோபம் வரும். மெர்லினுக்குக் கோபம் வராது, வந்தாலும் பழகிவிட்டது. எதிர்ப்பக்கம் ராயபுரம் பஸ் வந்தது. ஏறிவிட்டான்.

அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கும் நவநாள் பூசையில், வேண்டுதல் பலித்தவர்கள் ரொட்டி வாங்கி வந்து பாதிரியாரிடம் மந்திரித்து எல்லோருக்கும் கொடுப்பது வழக்கம். என்ன பலித்தது என்று கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். பூசை முடிந்ததும் மைக்கில் வாசிப்பார். அன்று உபதேசியார் சவரிமுத்து பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார்.

"நூறு ரொட்டியா! இன்னா விசேசம் சாவியோ?"

"ஒண்ணுமில்ல… கொயந்த விசயமா."

"மெர்லினுக்கா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று பிள்ளை பெற்ற டில்லிபாபுவிடம் சொல்லக்கூடிய உண்மைகள் உண்டு, முப்பது வருடம் கோயில் மணி அடித்தவரிடம் சொல்ல முடியாத உண்மைகளும் உண்டு. சாவியோ வெட்கத்தோடு தலையை ஆட்டினான். பெரிதாக அல்ல, கொஞ்சம்தான்.

பூசை முடிந்தது. "இன்னாசி, ஐரீன் குடும்பத்தில் மருமகள் மெர்லினுக்குக் குழந்தை வரம் அருளிய தூய அந்தோணியாருக்கு நன்றி!" என்று மைக் ராயபுரம் முழுக்க அறிவித்தது. மூன்றாவது பெஞ்சில் இருந்த ஐரீன், "ஏசப்பா!" என்று கூவியபடி எழுந்தார். அன்பியம் முழுவதும் எழுந்தது. ரொட்டிக் கூடை முன்னே செல்ல, சாவியோ நடுவில் மாட்டிக்கொள்ள, ஊர்வலம் வீட்டுக்குக் கிளம்பியது.

மெர்லின் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அதில் சர்க்கரை விழுந்தது. யாரோ நெற்றியில் சிலுவை போட்டார்கள். யாரோ ஜெரால்டை எழுப்பிப் பாயைச் சுருட்டினார்கள். நைனா வரலாற்றில் முதல்முறையாக டி.வி.யை அணைத்தார். அந்த ஒரே அறைக்குள் பதினேழு பேர்.

"ஏம்மா, எங்கிட்ட கூட சொல்லாம வச்சிகினு இருந்தியே!" என்று ஐரீன் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது நிஜமான அழுகை. மெர்லினுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"அத்தை, எனக்கு ஒண்ணும் இல்ல. யாரு சொன்னாங்க?"

மற்ற பதினைந்து தலைகளும் சாவியோ பக்கம் திரும்பின. வேறு வழியில்லாமல் அவன் போனை எடுத்தான். எடுத்த பிறகு, பாருங்கள், கூச்சம் போய்விட்டது. சாதனை சாதனைதானே? நூறு பேரையும் காட்டினான். அன்பியம் அம்மாக்கள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். "இதுல எப்டிப்பா கொயந்த பொறக்குது?" என்று ஒருவர் கேட்டார்.

"அது ஈசி ஆன்ட்டி. ஒரு ரூம் கட்டணும். அதுல ஒரு ஆம்பள, ஒரு பொம்பள, ரெண்டே பேரு. வேற யாரையும் உள்ள வுடக் கூடாது. வுட்டா ரெண்டு பேரும் செவுத்த பாத்துகினு நிப்பாங்க. ஒண்ணும் நடக்காது. அதான் ரூலு."

ஃபேன் மூன்றில் சுற்றியது. பீரோ ஓரத்தில் அந்தப் பழைய புடவை பறந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"ரஹீமுன்னிசா அம்மாவ பாத்தியா?" என்று மெர்லின் கேட்டாள்.

"தெரு முனை வரிக்கும் போனேன்…"

"ரூலு தெரியும். நூறு பேருக்கு ரூம் கட்டிக் குடுத்த. எனக்கு மட்டும் நாலு வருசமா ஒரு பொடவ." கண்ணைத் துடைத்துக்கொள்ள அவள் முகத்தைத் திருப்பவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். "நீ போமாட்டேன்னு எனக்குத் தெரியும். லஞ்சு டைம்ல நானே போயி வாங்கிட்டேன்."

பீரோவுக்குப் பின்னாலிருந்து துணிப்பை வந்தது. முன்னாலேயே கட்டி வைத்திருக்கிறாள்.

"இன்னா மெர்லின் இது, சண்ட போட்டுகினா போற?" என்றார் ஐரீன்.

"சண்டயெல்லாம் இல்ல அத்தை. ஞாயித்துக்கெயம பூசைக்கு வருவேன், உங்கள பாப்பேன். ரெண்டு பேருதான் இருக்கணும்னு ரூலாம். ஒருத்தி நான் போயி இருக்கேன்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி, சாவியோவை மட்டும் பார்த்துச் சொன்னாள்: "ஷேர் ஆட்டோ முக்குல நிக்குது. வர்றதுன்னா வா."

சாவியோ எழுந்தான். வாசற்படிவரை வந்தான். வெளியே ஷேர் ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. மெர்லின் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத் துணிப்பையை மடியில் வைத்திருந்தாள். படிக்கு இந்தப் பக்கம் பதினைந்து பேர் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தான். அப்புறம் இன்னொரு முறை.

"சாப்டியாடா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் ஐரீன்.

ஷேர் ஆட்டோ கிளம்பியது. அதே நேரம் அவன் கையில் போன் 'குவா குவா' என்றது, நூற்றியோராவது குழந்தை. நூறு பேரை அறை அறையாகக் கட்டைவிரலால் நகர்த்திய அந்த மாபெரும் தலைவன், தன் ஒருவனை மட்டும் அந்த வாசற்படிக்கு அப்பால் நகர்த்தத் தெரியாமல், உள்ளே திரும்பி வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான்.