சிங்க்கில் ஊற்றிய கிரேக்கம்

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பலவீனம் எனக்கு என்றுமே இருந்ததில்லை. அதிலும் ஒயின் விஷயத்தில் நான் ஒரு மேதை (குடித்தது இரண்டே முறை, இரண்டும் ஓசி).

அக்கா மகள் மீரா காதலித்தது ஒரு கிரேக்கப் பையனை. கல்யாணம் பேச அவன் அப்பா ஸ்டாவ்ரோஸ் மகனோடு அடையாறில் அக்கா வீட்டில் வந்து இறங்கினார். கையில் ஒரு பாட்டில். அவர் தோட்டத்துத் திராட்சை, அவரே போட்ட ஒயின்.

"சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து ஒரு வாய் குடிப்போம். அதுதான் எங்கள் சம்மதம்" என்றார் ஆங்கிலத்தில். பாட்டில் ஃப்ரிட்ஜுக்குள் போனது, அவர் தூங்கப் போனார். மற்றவர்கள் புடவை எடுக்க தி. நகர் கிளம்பினார்கள். விழித்திருந்தது நானும் என் மேதைமையும்.

தாய்மாமன் ருசி பார்க்காமல் ஒரு சம்பந்தமா? திறந்தேன், முகர்ந்தேன். சுத்தமான ஃபினாயில்! அப்போதுதான் துடைத்துவிட்ட ஆஸ்பத்திரி வராந்தா! கடல் தாண்டி வந்து நம்ம ஊர் வெயிலில் கெட்டுவிட்டது, பாவம். இதைச் சபையில் ஊற்றினால் மனிதர் மானம் என்னாவது, பெண்ணின் கல்யாணம் என்னாவது? துணிந்து செயல்பட்டேன்.

சாயங்காலம் அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். "எங்கேடா பாட்டில்?"

"கெட்டுப்போயிருந்தது. சிங்க்குல கொட்டிட்டேன்."

"முழுசாவா?"

"பாட்டிலையும் அலம்பிக் கவுத்து வெச்சிருக்கேன்."

"ஐயோ மாமா!" மீரா அலறினாள். "அது ரெட்சினா! அப்படித்தான் மணக்கும்!"

அந்தக் காலத்தில் ஒயின் ஜாடியின் வாயைப் பைன் மரப் பிசினால் அடைப்பார்களாம், அந்த மணம் ஒயினிலும் ஏறுமாம். ஜாடி போய்விட்டது, மணத்தின் மேல் கொண்ட ஆசை போகவில்லை. ஆயிரம் ஆயிரம் வருஷத்து ஆசை. இன்றைக்கும் பிசினை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள்.

மீரா வருங்கால மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனார். சிங்க்கின் மேல் குனிந்தார். நீளமாக மூச்சை இழுத்தார்.

"எங்கள் வீடு மாதிரியே மணக்கிறது" என்றார். "வாருங்கள், ஆளுக்கு ஒரு மூச்சு."

அக்கா, அத்திம்பேர், மாப்பிள்ளை, மீரா, கடைசியில் நான். வரிசையில் நின்று சிங்க்கை முகர்ந்தோம். எங்கள் வீட்டு நிச்சயதார்த்தம் இப்படித்தான் நடந்தது.

இப்போதும் ஸ்டாவ்ரோஸ் வரும்போதெல்லாம் இரண்டு பாட்டில் கொண்டுவருகிறார். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்றில் மீரா தமிழில் எழுதி ஒட்டியிருப்பாள்: 'சிங்க்குக்கு'.

அது எனக்குத்தான். முதல் மடக்கு இன்றைக்கும் ஃபினாயில் (என் மூக்கை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்). மூன்றாவது மடக்கில் மழை விட்ட மலைக்காடு. அதற்கப்புறம் பாட்டிலை யார் கேட்டாலும் தருவதில்லை.