பதினேழாம் எண் டப்பா

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதும் மடல். நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் மாமியார் சௌக்கியம். அளவுக்கு மீறிய சௌக்கியம். நான் சௌக்கியமில்லை. மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தக் கூடாது என்று அவள் காலையிலிருந்து முப்பது தடவை சொல்லிவிட்டதால், போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேன். கடிதத்தில் குரல் கேட்காது. கேட்டால் நான் பொறுப்பில்லை.

பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, சிறுகுறிஞ்சான் இலை இரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கிறதா என்று ஆராய்ச்சி செய்வதாகவும், நாற்பது பேர் வேண்டியதற்கு முப்பத்தெட்டுப் பேர்தான் கிடைத்ததாகவும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கும் சர்க்கரை, உங்கள் மாமியாருக்கும் சர்க்கரை. மனசு கேட்காமல் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்குப் பதினேழாம் எண் டப்பா, அவளுக்குப் பதினெட்டாம் எண். "பாதிப் பேருக்கு இலைத்தூள், பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது மாமா, உறையில போட்டு ஒட்டி வச்சிருக்காங்க. ஒண்ணே ஒண்ணு, டப்பாவை மட்டும் மாத்திடாதீங்க" என்றீர்கள். யாரிடம் சொன்னீர்கள்? எடை அளவை ஆய்வாளராக முப்பத்தோரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி, தராசில் முத்திரை ஒரு நூல் பிசகியிருந்தாலும் கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கியவனிடம் சொன்னீர்கள்! அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளையாயிற்றே என்று மென்று முழுங்கினேன்.

என் நிலைமை உங்களுக்குத் தெரியாதது அல்ல. மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்காவிட்டால் தினமும் வயிற்றில் இன்சுலின் ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி என்றால் எனக்கு எப்படி என்றும் தெரியும். தினமும் சர்க்கரை அளவை எழுதச் சொல்லி நீங்கள் கொடுத்த நோட்டுக்காக விரல் நுனியில் ஒரு சொட்டு எடுக்கவே, நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும், உங்கள் மாமியார் கையைப் பிடித்துக் குத்த வேண்டும். அப்படிப்பட்டவன் உங்கள் இலையைத்தான் மலை போல நம்பினேன்.

நம்பினாலும் சோதிக்காமல் விடுகிறவன் நான் இல்லை. அந்த இலையை நாக்கில் தேய்த்தால் கொஞ்ச நேரத்துக்குச் சர்க்கரை தித்திக்காது, மணல் மாதிரி இருக்கும் என்று நீங்கள்தானே பெருமையாகச் சொன்னீர்கள்? முதல் வாரம் புதன்கிழமை என் டப்பாவிலிருந்து ஒரு கேப்சூலைப் பிரித்துத் தூளை நாக்கில் தேய்த்துக்கொண்டு, ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போட்டேன். தித்தித்தது. எந்தத் தராசையும் ஒரே தடவை நிறுத்துப் பார்த்து நான் முத்திரை குத்தியதில்லை, மூன்று தடவை பார்ப்பதுதான் முறை என்பதால் இன்னும் இரண்டு கரண்டி போட்டேன். வியாழனும் வெள்ளியும் அதே மாதிரி. ஒன்பது கரண்டியும் தேனாகத் தித்தித்தது மாப்பிள்ளை! எனக்கு வந்தது வெறும் மாவு. பெண்ணைக் கொடுத்த மாமனாருக்கு மாவு!

நோட்டில் இருந்ததைப் போனில் படித்துக் காட்டியபோது, அந்த மூன்று நாளும் சர்க்கரை ஏன் எகிறியது என்று உங்கள் ஆய்வகத்துப் பெண் கேட்டாள். என்னத்தைச் சொல்வது? ஆய்வு செய்தேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாமியார் மாடியில் துணி காயப் போடப் போன நேரத்தில், எனக்கு மாவு என்றால் அவளுக்கு இலையாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, இரண்டு டப்பாவிலும் உள்ளதைக் கொட்டி இடம் மாற்றினேன். ஆமாம், மாற்றினேன். அவளுக்கு நூற்று அறுபதுதான், ஊசிப் பேச்சே இல்லை. எனக்கு இருநூற்றுப் பத்து. யாருக்கு இலை அவசியம் என்று நீங்களே சொல்லுங்கள். உறைக்குள் இருக்கும் காகிதத்துக்குக் கண் தெரியுமா?

அதற்கப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். பதினோரு வாரம், வேளை தவறாமல் உங்கள் அருமையான இலையை முழுங்கினேன். சர்க்கரைக் கரண்டியைக் கையால் தொடவில்லை. இன்று காலை எனக்கு இருநூற்றுப் பதினெட்டு. வெறும் மாவை முழுங்கிக்கொண்டிருக்கும் உங்கள் மாமியாருக்கு எவ்வளவு தெரியுமா? நூற்றுப் பன்னிரண்டு! அதை நோட்டில் என் கையாலேயே எழுதினேன். அவளோ, "உங்களுக்கு இறங்கக் காணோமே" என்று கண் கலங்குகிறாள். மாவு தின்றவள், இலை தின்றவனுக்காகக் கண் கலங்குகிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆகவே உங்கள் இலை சர்க்கரையைக் குறைக்காது, ஏற்றும். மாவுதான் குறைக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஆய்வகம், ஒரு கண்ணாடி அறை, வெள்ளைக் கோட்டு போட்ட ஆறு பேர்! யார் காதில் பூச் சுற்றுகிறீர்கள்? எங்கள் இரண்டு பேர் நோட்டையும் இத்துடன் அனுப்புகிறேன், கிழித்துப் போடுங்கள். உங்கள் தலைமைப் பேராசிரியருக்கும் நாலு பக்கம் எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை என்றுகூடப் பார்க்கவில்லை. இன்று சாயங்காலம் நான் ஊசிக்கு வயிற்றைக் காட்டப் போகிறேன், அந்தக் குத்து ஒவ்வொன்றும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

மற்றபடி குறை ஒன்றும் இல்லை. மகளை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும் என்று, இவ்வளவு கோபத்திலும் மனதார வாழ்த்தும்,

மாமனார்.

பி.கு: உறைமேல் விலாசம் எழுத உங்கள் மாமியாரிடம் கொடுத்தேன், அவள் கையெழுத்துத்தான் தெளிவாக இருக்கும். விலாசத்தை எழுதாமல் கடிதத்தைப் படித்துவிட்டாள். படித்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமையா மாத்தினீங்க? நான் சனிக்கிழமையே மாத்திட்டேனே!" என்றாள்.

முதல் நாளே அவளுக்குக் கேப்சூல் நாக்கில் ஒட்டி உடைந்திருக்கிறது. பிறகு வாயில் போட்ட வாழைப்பழம் மண்ணாக இருந்ததாம். தன்னுடையதுதான் இலை என்று அப்போதே தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நான் கட்டிலில் உட்கார்ந்து, ஊசி எங்கே இறங்கும் என்று வயிற்றைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கதவருகே நின்று பார்த்திருக்கிறாள். மறுநாள் நான் குளிக்கப் போன நேரத்தில் தன் இலையை என் டப்பாவில் கொட்டிவிட்டு, என் மாவை எடுத்துக்கொண்டாள். அதற்கு மறுநாள்தான் நான் ஆய்வாளர் மூளையைச் செலவழித்து, அவள் கொடுத்த இலையை அவளுக்கே திருப்பிக் கொட்டி, என் மாவை நானே திருடிக்கொண்டேன்.

"இலையும் இவருக்குக் கேக்கலையேன்னு இத்தனை நாளும் தவிச்சேன்" என்கிறாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மாப்பிள்ளை, நோட்டைக் கிழிக்க வேண்டாம். ஆய்வகத்தில் ஒட்டி வைத்த அந்த உறையில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியேதான் நடந்திருக்கிறது. நான் ஒன்பது கரண்டி தின்ற மூன்று நாளையும், அந்த ஒரு சனிக்கிழமையையும் மட்டும் அடித்துவிடுங்கள். பேராசிரியர் கடிதத்தை நானே கிழித்துவிட்டேன். உங்கள் இலை வேலை செய்கிறது. என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

"எழுதினது போதும், கிளம்புங்க. டாக்டர் ஆறு மணி வரைக்கும்தான் இருப்பார்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கிளம்புகிறேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன், அவள் கையைப் பிடித்துக்கொள்வாள்.