குறுக்கால நைனாவின் மொட்டை மாடி

எண்ணூர்ச் சதுப்பில், கால் வைத்தால் முட்டிவரை இழுக்கும் சேற்றில், செல்போன் டவர் நட்டவன் நான். திருவொற்றியூரில் கடல் காற்று ஆணியைக்கூடத் தின்றுவிடும். அங்கே நான் நிறுத்திய கம்பம் இன்றும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. மாத்தூரில் கிரேன் நுழையாத சந்தில் இரும்பைத் துண்டு துண்டாகத் தோளில் சுமந்து, மாடி மேல் கோபுரம் எழுப்பினேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் காசிமேட்டில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு கட்டிய நான் ஒரே ஒருவனிடம்தான் தலை குனிந்திருக்கிறேன். அதுவும் தினமும்.

அவன் குறுக்கால நைனா. வடசென்னையில், ஒன்றுமே இல்லாத இடத்துக்குக் காவல் இருந்த ஒரே மனிதன்.

விஷயம் இதுதான். உங்கள் போன் பேச்சு டவர் வரைக்கும்தான் காற்றில் வரும். அதற்கு மேல் தரைக்கடியில் ஃபைபர் கேபிளில் ஓடும். எங்கள் பக்கம் சாலையைத் தோண்டாத வாரம் கிடையாது, கேபிள் அறுபடாத மாதம் கிடையாது. அதனால் கேபிளுக்குத் துணையாக, பேச்சைக் காற்றிலேயே எதிர்த் தட்டுக்கு அனுப்பும் வட்டத் தட்டு மாடிக்கு மாடி வைப்போம். கல்மண்டபத்தில் மூன்று மாடிக் கட்டடத்தின் தலையில் ஒன்று, திருவொற்றியூரில் அதற்கு எதிர்முகமாக இன்னொன்று. கேபிள் படுத்தால் தட்டு தாங்கும், தட்டு படுத்தால் கேபிள் தாங்கும். ஆனால் தட்டுகள் இரண்டும் கண்ணோடு கண் பார்த்தபடி இருக்க வேண்டும். நடுவில் எது எழும்பினாலும் தொலைந்தது.

அந்த நடுவைப் பார்த்துக்கொள்ள நான் பிடித்த ஆள்தான் நைனா. ஓட்டை மொபட்டில் வானத்தைப் பார்த்துக்கொண்டே போவான். அவனால் இடிபடாத மாடு ராயபுரத்தில் குறைவு. எங்கே என்ன உயர்ந்தாலும் கீழே நின்று கத்துவான்: "குறுக்கால வராத!" பெயர் அப்படி வந்ததுதான்.

கல்மண்டபத்து மாடியில் தட்டின் முன்னால் யாரும் நிமிர்ந்து நடக்கக் கூடாது. வீட்டுக்காரர் குனிவார், வடாம் காய வைக்க வரும் அவர் சம்சாரம் குனிவார், முதலாளி நானும் குனிவேன். கம்பெனி இன்ஜினியர் ஒருநாள் சிரித்துவிட்டார்.

"பெரியவரே, அது ரேடியோ அலை. தலையில இடிக்காது."

"உன் தலைல அது இடிக்காது சார். அது மேல நீ இடிப்ப. குனி."

இன்ஜினியர் குனிந்தார்.

ஒருமுறை கட்சிக்காரர்கள் தலைவர் பிறந்தநாளுக்கு ஆளுயரம் போதாதென்று மாடியுயரத்தில் கட் அவுட் தூக்கினார்கள். தலைவரின் நெற்றி சரியாக எங்கள் வழியில். பத்துப் பேர் நடுவில் நைனா தனியாகப் போய் நின்றான்.

"தலீவரு நின்னுகினு கீறாரு, அதான் பேஜாரு. உக்கார வெச்சிடுங்கோ. உக்காந்தாதான் ராஜா மாரி இருப்பாரு."

அவர்களும் உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் எதிர்க்கட்சிக்காரர்களும் தங்கள் தலைவரை உட்கார வைத்தார்கள், இவர் மட்டும் ஏன் நிற்க வேண்டுமென்று.

கன்டெய்னர் யார்டு மேனேஜரை மாடிக்கே கூட்டி வந்துவிட்டான். வழியில் நிற்கும் மேல் வரிசைப் பெட்டிகளை இறக்க வேண்டுமாம்.

மேனேஜர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அங்க ஒண்ணுமே இல்லியேப்பா."

"அதான் சார். அத அப்டியே வுடு."

பெட்டிகள் இறங்கின.

இப்படி எல்லோரையும் இறக்கிக்கொண்டிருந்தவனின் சம்சாரம் தேசம்மா ஒருநாள் மீன் கூடையோடு என் கொட்டகைக்கு வந்தது. கூடையை இறக்கவில்லை. அது கோபத்தின் அடையாளம்.

"அண்ணாத்தே, உன் வேலய நீயே வெச்சிக்கோ. எனக்கு ஒரு ரூம்பு வோணும்."

நைனாவின் குடும்ப வீடு தட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, அதன் நேர் வழியில். சொத்தைப் பிரித்தபோது அண்ணன்மார் ஆளுக்கொரு தளம் எடுத்துக்கொண்டார்கள். கடைக்குட்டி நைனாவுக்கு வந்தது மொட்டை மாடி. அதில் ஒரு அறை கட்டிக் குடிபோக வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து தேசம்மாவின் ஆசை. இத்தனை காலமும் கொடுங்கையூரில், குப்பைமேட்டுப் புகையில், வாடகைக் குடித்தனம்.

"செங்கல்லு வாங்கி வெச்சாச்சு. மேஸ்திரி வந்து வந்து திரும்பிப் போறான். கேட்டா, குறுக்கால வருதாம். ஊரு மாடியெல்லாம் நிறுத்தினு, இப்ப என் மாடியயும் நிறுத்திட்டான்."

போய்ப் பார்த்தேன். செங்கல்லைக்கூட இடுப்புயரத்துக்கு மேல் அடுக்காமல் மாடி முழுக்கப் பரப்பி வைத்திருந்தான்.

"ஏன் நைனா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தட்ட கழட்டிடுவ. கழட்டினா உன் கான்ட்ராக்ட் பூடும்." கொஞ்ச நேரம் செங்கல்லைத் தடவினான். "அப்றம், நானே குறுக்கால கட்னா அந்தக் கன்டெய்னர்காரன் மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

கட்டுபவனுக்குக் கட்டத்தான் தெரியும். நான் கம்பெனிக்குப் போனேன். கல்மண்டபத்துக் கம்பத்தை உயர்த்திவிட்டால் வழி நைனாவின் அறைக்கு மேலே போய்விடும் என்றேன். அவர்கள் மண்டையை ஆட்டவில்லை. வேலை முடியும்வரை கேபிள் மட்டும்தான் தாங்க வேண்டும். நடுவில் அது அறுந்தால் துறைமுகம் முழுக்க போன் ஊமையாகிவிடும், அப்புறம் எனக்கு வேலையே கிடையாது என்றார்கள். "அறுந்தால் நான் பொறுப்பு" என்றேன். அதற்குத்தான் ஆட்டினார்கள். அதைச் சொன்னவன் நான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கம்பத்தைக் கழற்றி, தட்டைக் கீழே வைத்த பிறகு எட்டிப் பார்க்கிறேன். மழைநீர்க் கால்வாய் தோண்ட பொக்லைன் வந்து நிற்கிறது. நிற்கும் இடம் எங்கள் கேபிளின் தலைமேல். படியில் ஓடினால் எட்டாது. மேலிருந்து கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

அதற்குள் கீழே டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி சாலை நடுவுக்குப் போயிற்று. அதில் நைனா. கால்மேல் கால். கையில் டீ.

பொக்லைன்காரன் இன்ஜினை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினான்.

"யோவ் பெருசு, குறுக்கால வராத."

தெருவே சிரித்தது. இத்தனை வருசம் அவனிடம் திட்டு வாங்கிய தெரு. நைனா டீயை ஒரு வாய் குடித்தான்.

"நா வருவேன் மாமு. எனக்கு ரைட்டு கீது."

கட்சிக்காரர்கள் வந்தார்கள், கால்வாய்க் கான்ட்ராக்டர் வந்தார், போலீஸ்காரர் ஒருவரும் வந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு டீ சொல்லி, கேபிள் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தான். அவன் பேச்சு முடிவதற்குள் நான் புதுக் கம்பத்தை நிறுத்தி, தட்டை ஏற்றி, நட்டை முடுக்கி முடுக்கித் திருவொற்றியூரைப் பிடித்துவிட்டேன். ஒரு அழைப்புகூட அறுபடவில்லை.

இன்று அந்த மாடியில் அறை இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல். தேசம்மா போடும் வஞ்சிரம் வறுவலுக்காகவே மாதம் ஒருமுறை போகிறேன். வழி இப்போது தலைக்கு மேல் வெகு உயரத்தில். ஆனாலும் நைனா வாசலைத் தாண்டியதும் குனிகிறான். அவன் பின்னால் நானும் குனிகிறேன்.

கம்பெனி விழாவில் இந்த இணைப்புக்காக யார் யாருக்கோ சால்வை போர்த்தினார்கள். அந்தக் கம்பத்தை உயர்த்தியவன் நான். அதன் அடியில் ஒரு தகடு அடித்து என் பெயரைப் போட வேண்டும். இதைப் படிக்கும் கம்பெனிக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன்: தனியாகப் போட்டால் தகட்டை நானே பிடுங்கிவிடுவேன். குறுக்கால நைனா என்று முதலில் எழுதுங்கள். பக்கத்தில் என்னைப் போடுங்கள்.